கரண்டி யார் கையில்

எங்கள் மகளிர் குழுவில் பதினான்கு பேர். ஃபேர்லேண்ட்ஸ் வீடுகளில் சமையல் செய்பவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், அங்கே வரிசையாக நிற்கும் மருத்துவமனைகளில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள். என் அம்மாவும் அந்தத் தெருக்களில்தான் இருபது வருடம் சமைத்தார். நான் படித்து ஒரு கடையில் கணக்கெழுதப் போனதால், குழுவின் நோட்டும் என்னிடமே வந்து சேர்ந்தது. சந்தா, கடன், வட்டி எழுதும் நோட்டு. சென்ற வருடம் அதன் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு எழுத ஆரம்பித்தோம். வாரம் சாப்பாட்டுக்கு என்ன ஆகிறது என்ற கணக்கு.

ஒரு வீட்டின் கணக்கைச் சொல்கிறேன். ஐந்து பேர்: கணவர், மாமியார், ஒன்பதாவது படிக்கும் பையன், ஐந்தாவது படிக்கும் பெண், அப்புறம் அந்த அக்கா. சனிக்கிழமை கூலி வந்தால் சாப்பாட்டுக்கு ஒதுங்குவது 1,100 ரூபாய். அரிசி ரேஷனில் விலையில்லாமல் வந்துவிடுகிறது. பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 என்று மாதம் ஒருமுறை வருவது பாதி மாதத்துக்கு ஓடும். மிச்சத்துக்கு இந்த 1,100. பால் 150, காய் 250, மளிகை 300, கேஸுக்கு எடுத்து வைப்பது 150, ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கோழி 120, முட்டை பத்து, 60. ஆக 1,030. மீதி எழுபதில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம், மாமியாருக்கு பன். கணக்கு நேராகத்தான் இருந்தது. வியாழக்கிழமைக்கு மேல் குழம்பில் காய் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் நான் ஒரு கட்டம் கூடப் போட்டேன். ‘யார் சாப்பிட்டது?’

முட்டை பத்து. கணவர் நாலு, பையன் மூன்று, பெண் இரண்டு, மாமியார் ஒன்று. கூட்டினால் சரியாகப் பத்து வருகிறது. கணக்கெழுதுகிறவளுக்கு இதைவிடச் சுத்தமான கணக்கு கிடைக்காது. “உங்களுக்கு?” என்று கேட்டேன். “ஆம்லெட் வாசனையே எனக்குப் போதும்க்கா” என்று சிரித்தார். பொய் சொல்கிறவரின் சிரிப்பாக அது எனக்குத் தெரியவில்லை.

இதை நான் பின்னால் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. “கரண்டி அவ கையிலதானே இருக்கு? போட்டுக்கிட்டா யாரு வேண்டாம்னா?” ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். யாரும் தடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. பசியோடு இருக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. தானாகவே ஒருத்தி குறைவாக எடுத்துக்கொண்டால் அங்கே அநியாயம் எங்கே இருக்கிறது? அது அவள் விருப்பம் இல்லையா? அன்பு இல்லையா?

கேள்வி லேசானது இல்லை. ‘ஆணாதிக்கம்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. அந்த அக்காவை ஏமாளி என்று சொல்லவும் மனம் வராது. எங்கள் குழுவில் வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

கரண்டி பிடிப்பதை அதிகாரம் என்று நினைக்கிறோம். பங்கிடுவதற்கு நிறைய இருக்கும்போது அது அதிகாரம்தான். பற்றாக்குறையைப் பங்கிடும்போது அது வெறும் பொறுப்பு. 1,100 ரூபாயை அந்த அக்கா தீர்மானிக்கவில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோதும் அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரமும் அதே 1,100க்குள் ஐந்து தட்டு நிரம்ப வேண்டும். எங்கே குறைக்கலாம்? கணவர் தட்டில் குறைத்தால் ஒரு பேச்சு வரும், மாமியார் தட்டில் குறைத்தால் தெருவுக்கே தெரியும். பிள்ளைகள் தட்டில் குறைக்க மனம் ஒப்பாது. எதிர்த்துப் பேசாத தட்டு ஒன்றே ஒன்று. அதில் குறைப்பதைத்தான் நாம் விருப்பம் என்கிறோம்.

அந்தத் தட்டு பேசாது என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு கணக்கே இருக்கிறது. வங்கப் பஞ்சம் முடிந்து 1944இல் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். விதவைகள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா? அமர்த்தியா சென் இந்த எண்களைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். ஒருத்தி தன் குறையைச் சொல்லவில்லை என்பதற்காகக் குறை இல்லை என்று ஆகாது. குறை என்று எண்ணிக்கொள்ளும் பழக்கமே அவளுக்குத் தரப்படாமல் இருந்திருக்கலாம்.

நமக்கு அந்தப் பழக்கத்தை எடுத்துவிடும் வேலை பள்ளிக்கூடத்திலேயே நடக்கிறது. பெண்ணுக்கு அழகு உணவைச் சுருக்கிக்கொள்வது என்கிறது கொன்றை வேந்தன். எழுதியவர் ஔவை என்று சொல்லியே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு பெண் பெயரிலேயே அது வந்து சேர்ந்ததில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம். அளவாக உண்பது யாருக்கும் நல்லதுதானே, ஆணுக்கு ஏன் அது அழகாகவில்லை?

விஞ்ஞானமும் கொஞ்சம் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. வீட்டு உணவைக் கணக்கிட நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கில் ஓர் அலகு உண்டு. உட்கார்ந்த வேலை செய்யும் ஆண் 1 என்றால் அதே மாதிரி வேலை செய்யும் பெண் 0.8. கலோரிக்கு இது பொருந்தலாம். ஆனால் இரும்புச்சத்தில் கணக்கு தலைகீழ். 2020இல் வெளியான ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. மாதாமாதம் இழக்கிற உடம்பு அது. கடைசியில் உட்காருகிறவளுக்குச் சட்டியில் மீந்திருப்பது என்ன? சோறு இருக்கும், ரசம் இருக்கும். வயிறு நிறைந்துவிடும். கறியும் முட்டையும் கீரையும் முதல் பந்தியிலேயே போயிருக்கும். வயிறு நிறைந்தவளைப் பார்த்துப் பட்டினி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25. சத்துணவுக்கும் ரேஷனுக்கும் பேர்போன தமிழ்நாட்டிலேயே பெண்களில் 53.4. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நாமக்கல்லில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை.

இந்த இடத்தில் யாராவது வந்து யோசனை சொல்வார்கள். சிறுதானியம் சமைக்கலாமே, முருங்கைக்கீரை இலவசம்தானே. 1913இல் லண்டனில் மாட் பெம்பர் ரீவ்ஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். லேம்பெத் பகுதியில் வாரம் ஒரு பவுண்டு வாக்கில் சம்பாதிக்கும் குடும்பங்களின் வீட்டுக் கணக்குகளை, அந்தப் பெண்களையே எழுத வைத்துத் தொகுத்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயும் இறைச்சி சம்பாதிக்கிற ஆணுக்கு, அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ரொட்டி. ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு ஏன் சத்தான ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவதில்லை என்று கனவான்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம். ரீவ்ஸ் பொறுமையாகப் பதில் எழுதினார்: இருக்கிற ஒரே சட்டியில் கஞ்சி அடிப்பிடிக்கும், நேற்றைய மீன் வாடை அடிக்கும், நின்று கிளறத் தாய்க்கு நேரமில்லை, பால் இல்லாத கஞ்சியைப் பிள்ளை துப்பும். நூறு வருடம் கழித்து எங்கள் நாலு ரோட்டில் சாமை அரிசி விலை கேட்டுவிட்டு வந்து ரேஷன் அரிசியைக் களையும்போது அந்தப் பக்கங்கள் எனக்கு நினைவு வரும். முருங்கைக்கீரை இலவசம் என்றால், அதை உருவுகிற அரைமணி நேரமும் இலவசமா? மலிவான சாப்பாட்டின் விலையில் பாதி நேரமாகக் கட்டப்படுகிறது. சூரமங்கலம் உழவர் சந்தைக்கு விலை இறங்கும் நேரம் பார்த்துப் போவது, லீ பஜாரில் அள்ளி வாங்க இரண்டு பேரைக் கூட்டு சேர்ப்பது, ரேஷன் வரிசை, மாவு ஆட்டுவது. இது ஒன்றும் அந்த 1,100இல் எழுதப்படவில்லை.

மேலே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் எப்போதும் இதை எழுதியதில்லை. 1877இல், தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா செத்துக்கொண்டிருந்தபோது, வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையின் கூலியைச் சுருக்கினார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கக்கூடிய காசு, அதன்மேல் கொஞ்சம் சில்லறை. பெண்ணுக்கு அதிலும் குறைவு. வேலை செய்யும் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில், நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் செலவழிப்பவர் ஏழை இல்லை என்றது. இந்த எண்களைப் போட்டவர்கள் யாரும் அந்தக் காசுக்கு உலை வைத்தவர்கள் இல்லை. எண் எங்கே பற்றாமல் போகிறதோ அங்கே ஒருத்தி தன் தட்டை நகர்த்திக் கொடுத்து ஈடுகட்டுவாள் என்பது எழுதாத விதி.

எங்கள் குழுவிலேயே ஓர் அக்கா அந்தக் கட்டத்தை நிரப்ப மறுத்துவிட்டார். “சோத்தைக் கணக்குப் பாக்கறதா? குடும்பம் என்ன கடையா கண்ணு?” என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை. பிள்ளை வாயைப் பார்த்துக் கவளத்தை எண்ணும் வீடு வீடில்லை. ஆனால் அவரும் எண்ணுகிறார். பையன் நேற்று எத்தனை தோசை தின்றான், மாமனார் எதைத் தொடவில்லை என்று நான் கேட்காமலே சொல்வார். அவர் மனசில் ஏற்கெனவே இருக்கும் கணக்கில் ஒரு வரி மட்டும் இல்லை.

அன்பினால் விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை. என் மனம் இடறுவது வேறிடத்தில்: இந்தக் கொடை யாருக்கும் தெரியாமல் கொடுக்கப்படுகிறது. “நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்” என்ற பொய்யோடு வருகிறது. தெரியாத கொடைக்கு நன்றி சொல்ல முடியாது. முக்கியமாக, அதை மறுக்கவும் முடியாது. தெரிந்திருந்தால் அந்தக் கணவர் நாலில் ஒன்றைத் தள்ளி வைத்திருப்பாரோ என்னவோ. அதற்கான வாய்ப்பே அவருக்கு இல்லை. அவள் மறைப்பது அவர் மானத்தைக் காப்பாற்ற. தன் சம்பாத்தியம் பற்றவில்லை என்று அவருக்கு முகத்தில் அடித்த மாதிரி தெரிந்துவிடக் கூடாதே என்று. அதுவும் அவள் வேலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பையனுக்கும் தெரியாது. ஆனால் மகளுக்குத் தெரியும். சட்டி கழுவுகிறவளுக்குச் சட்டியில் என்ன மீந்தது என்று தெரியாமல் இருக்குமா? அவள் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் அந்த மகள் கதை வேறு. 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டத்தில் இன்று வாரம் ஐந்து முட்டை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்புவரை காலைச் சாப்பாடும். அங்கே தட்டு தலைக்கு ஒன்று. அண்ணன் சாப்பிட்ட பிறகு என்ற வரிசை இல்லை. வீட்டில் இரண்டு முட்டைக்காரி அங்கே ஐந்து முட்டைக்காரி. அதைச் சமைத்துப் போடுகிறவர்களும் சொற்பச் சம்பளத்துப் பெண்கள்தான் என்பது இன்னொரு கட்டுரை. பள்ளி முடிந்ததும் அந்தத் தலைக்கணக்கு முடிந்துவிடுகிறது. அடுத்து அரசாங்கம் அவளைத் தேடிச் சத்துமாவு கொடுப்பது அவள் கர்ப்பமானால், பாலூட்டினால். இன்னொரு உயிரைச் சுமந்தால்தான் அவள் உடம்பு கணக்கில் வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து வரும் மாதம் 1,000 ரூபாய்க்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள், நல்ல பெயர். எங்கள் பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு வருகிறது. எதற்குச் செலவாகிறது என்று கேட்டேன். பையனின் டியூஷன், கேஸ், குழுக் கடன், மாமியார் மாத்திரை. தன் வாய்க்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் அந்த அக்கா நோட்டைக் கொண்டுவந்தபோது, கட்டத்தில் மகளின் கையெழுத்து இருந்தது. ‘அம்மா – குழம்பு மட்டும்.’ வீட்டில் கணவர் புரட்டிப் பார்த்திருக்கிறார். கோபப்படவில்லையாம். “இதை யாருக்குக் காட்டப் போற?” என்று மட்டும் கேட்டாராம். அதற்கப்புறம் அந்த அக்கா விலையை மட்டும்தான் எழுதுகிறார். நான் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழு கூடும்போது இப்போது ஒரு அட்டை முட்டை வாங்குகிறோம், முப்பது. ஆளுக்குப் பதினைந்து ரூபாய்கூட ஆவதில்லை. அவித்து, உரித்து, ஆளுக்கு இரண்டு. மீதி இரண்டு இடம் கொடுக்கும் பாட்டிக்கு. உப்பும் மிளகும் யாராவது மடித்துக் கொண்டுவருவார்கள். தின்று முடித்த பிறகுதான் நோட்டைத் திறப்பேன். விதி ஒன்றே ஒன்று: முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முதல் வாரமே மூன்று பேர் மீறினார்கள்.