முத்திரையின் சாட்சி

எண்ணம் தூயதாக இருந்தால் போதும், காலம் சற்றுத் தவறினால் குற்றமில்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் நபிமொழியையும் அவர்கள் துணைக்கழைப்பர். ஒரு தபால் உறையைக் கொண்டு இக்கருத்தை ஆராய்ந்து பார்ப்போம்.

கணவரை இழந்த தாய் ஒருவர், தம் மகளின் கல்வி உதவித்தொகை மனுவை அடுத்த வீட்டு இளைஞரிடம் ஒப்படைக்கிறார் என வைத்துக்கொள்வோம். அன்றைய தேதி முத்திரை பெற்ற மனுக்களே ஏற்கப்படும் என்பது நிபந்தனை. இளைஞரோ தம் அலுவல்களையெல்லாம் முடித்துக்கொண்டு, மஃரிபுக்குப் பின் உறையைத் தபால் பெட்டியில் இடுகிறார். பெட்டியின் முகப்பில் எழுதியிருந்த கடைசி எடுப்பு நேரம் கடந்துவிட்டது, அவர் கவனிக்கவில்லை. மறுநாள் தேதியில் முத்திரை விழுந்தது; மனு தள்ளப்பட்டது. "நான் அன்றே போட்டேன்" என்று அவர் கூறுவது பொய்யன்று. ஆனால் அந்த மெய், இழந்த படிப்பை மீட்டுத் தருமா?

சட்டம் இவ்விஷயத்தில் இரக்கமற்றதன்று. ஏற்புக் கடிதம், எழுதியவரின் கைக்கு மீறித் தபாலில் சென்றவுடனேயே முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 4ஆம் பிரிவில். ஆயினும் அனுப்பியதற்குச் சான்று வேண்டுமன்றோ? பெட்டி பேசாது, முத்திரைதான் பேசும். அதுவும் அஞ்சலகத்தார் உறையைக் கையாண்ட நாளைச் சொல்லுமேயன்றி, நம் உள்ளத்தில் எண்ணம் உதித்த நாளைச் சொல்லாது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் திருக்குர்ஆன் (2:282) பணித்திருப்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

சூரியன் மறையுமுன் அஸரில் ஒரு ரக்அத்தை அடைந்தவர் அத்தொழுகையை அடைந்தவரே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். சூரியன் மறையும் தறுவாய்வரை வாளாவிருந்து, பின் அவசர அவசரமாகத் தொழுவதை நயவஞ்சகனின் தொழுகை என்று கண்டித்தவர்களும் அவர்களே. கடைசி நேரம் என்பது இடர்ப்பட்டவனுக்கு அளித்த சலுகை. சோம்பியிருப்பவன் அதைத் தன் உரிமையாக்கிக்கொள்ளலாகாது.

ஆகவே, கெடு வைத்த தபாலைச் சில நாள் முன்னரே அனுப்புதல் நன்று. கடைசி நாளாகிவிட்டால் பெட்டியை நம்பாமல், அஞ்சலகத்துக்கே சென்று விரைவு அஞ்சலில் கொடுத்துத் தேதியிட்ட ரசீதைப் பெறுக. பிறர் ஒப்படைத்த உறையானால், அந்த ரசீதை உரியவரிடம் சேர்ப்பதும் அமானத்தைச் சேர்ந்ததே.

அந்த இளைஞருக்கு இனி என்ன வழி? தபால்காரரைப் பழிப்பதன்று. அந்தத் தாயிடம் சென்று, "தாமதித்தது நான்தான், மன்னியுங்கள்" என்று கூறுவதும், இயன்ற ஈடு செய்வதுமே வழி. ஹக்குல் இபாத் என்னும் மனிதர்க்குரிய கடனை, உரியவர் மன்னியாதவரை வெறும் நல்லெண்ணம் தீர்த்துவிடாது. மெய்யான நிய்யத் கால்களை உரிய வேளையில் நடக்கச் செய்யும்.