வெள்ளத்தில் விதியின் பங்கு

மலேசியாவின் கோலசிலாங்கூரிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஒரு மனை சிலாங்கூர் ஆற்றின் வெள்ளச் சமவெளிக்குள் வருகிறதா என்று பார்ப்பது பொறியாளரின் வேலை. பார்க்காமல் வாங்கி, வீடு மூழ்கியபின் ‘விதி’ என்று சொல்லலாமா என்பது அறத்தின் கேள்வி. குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர் ஆள்வினை உடைமைக்கும், அதாவது விடாமுயற்சிக்கும், ஒன்று தந்தார். மழையின் அளவு ஊழின் பக்கம். நிலத்தின் மேடுபள்ளம் நம் அறிவின் பக்கம். இதே ஆற்றின் மேற்பகுதியில் 1883இல் அணை உடைந்து கோலகுபு அழிந்தது. பிறகும் ஈயச் சுரங்க மண் படுகையை உயர்த்த, வெள்ளம் ஓயவில்லை. இறுதியில் நகரையே மேட்டுக்கு மாற்றினார்கள். அது விதியை மறுத்த செயலன்று, விதியின் எல்லையை அறிந்த செயல்.

நூறாண்டு வெள்ளம் நம் காலத்தில் வராது என்பார்கள். அது ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவருக்கு நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே இருந்தது என்ற மறுப்பு, ‘நம் காலத்தில் வராது’ என்பதைவிட வலுவானது. உண்மைதான். ஆனால் அதனால் கடமை மறைவதில்லை; நிலம் ஒதுக்குபவர், விற்பவர், அனுமதி தருபவர் தோளுக்கு மாறுகிறது. அறிந்திருக்க வேண்டியவர் அறியாமல் விட்டதை இறைவன் கணக்கில் எழுதுவது பக்தியாகாது.