பெயர் இல்லாத கைகள்

சென்ற மாதம் எங்கள் கிளை இளைஞர்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடைப்பயணம் போனோம். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில் என்று நடந்து, செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முன் நின்றோம்.

1818இல் கட்டி முடித்த தேவாலயம் அது. பொறியியல் மாணவன் என்பதால் என் கண் முதலில் அந்த வெள்ளைத் தூண்களுக்குத்தான் போனது. “பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். கட்டினது, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய கைதிகள்” என்றார் வழிகாட்டி அக்கா. ஸ்மித்தின் பெயர் நிலைத்துவிட்டது. செங்கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை.

“அதனால என்னடா? பலனை எதிர்பார்க்காம வேலை செய்யணும்னுதானே கீதை சொல்லுது” என்றான் நண்பன். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன்.

கண்ணன் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று அர்ஜுனனிடமே முடிவை விடுகிறார். அந்தக் கைதிக்கு அப்படி யார் விருப்பம் கேட்டார்கள்? பலனில் பற்று வைக்காதே என்பது, வேலை செய்பவன் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பலனை அனுபவிப்பவன் அதை அவனுக்குச் சொன்னால் அது ஏமாற்று. அனுபவிப்பவனுக்கென்று வள்ளுவர் தனியாக ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்: செய்ந்நன்றி அறிதல்.

‘குற்றம் செய்தவர்கள்தானே’ என்று சிலர் கேட்கலாம். இருக்கட்டும். அவர்கள் செய்த குற்றம் தண்டனையோடு முடிந்தது. அவர்கள் எழுப்பிய சுவர் இருநூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

இதை எழுதும்போது எனக்கே ஒன்று உறுத்துகிறது. போன விடுமுறையில் ஒரு கட்டுமானத் தளத்தில் பத்து வாரம் பயிற்சி எடுத்தேன். கம்பி கட்டியவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள். கம்பியை எப்படி முடிச்சுப் போடுவது என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அறிக்கையில் மேற்பார்வையாளருக்கு நன்றி எழுதினேன். அந்த மனிதரை ‘பங்களா’ என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன். பெயர் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கைதிகளின் பெயரை இனி நான் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தத் தளத்தில் வேலை இன்னும் நடக்கிறது. இந்த வாரக் கடைசியில் போகிறேன்.