உறுப்பு தானம்: தடுப்பது மார்க்கமா, மனமா?



உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலையை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் சென்ற வாலிபன் ஒருவன் லாரியில் அடிபட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நம் வீட்டுப் பிள்ளை என்றே நினைத்துப் பாருங்கள். அல்லாஹ் காப்பாற்றுவானாக! கள்ளக்குறிச்சியில் முதலுதவி முடித்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து, "மூளை இறந்துவிட்டது, இனிப் பிழைக்க வழியில்லை. அவருடைய இதயமும் ஈரலும் சிறுநீரகங்களும் வேறு சிலரைப் பிழைக்க வைக்கும். சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்கிறார்.

பெற்ற தாய் வாய் திறக்குமுன் சுற்றி நிற்பவர்களிடமிருந்து பதில்கள் வந்துவிடுகின்றன. "நெஞ்சு ஏறி இறங்குதே, உயிர் இருக்கே!" என்கிறார் மாமா. "கண்ணில்லாம கியாமத்துல எப்படி எழும்புவான்?" என்கிறார் நன்னி. "மய்யித்தைக் கீறலாமா?" என்கிறார் பெரியத்தா. "வித்துக் காசாக்கிடுவாங்க" என்கிறார் ஒருவர். "ஜமாஅத்துல என்ன சொல்வாங்க?" என்கிறார் இன்னொருவர். இவற்றில் மார்க்கம் எவ்வளவு, பயமும் பழக்கமும் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமை.

முதலில் உயிரைப் பற்றிய ஐயம். மூளைத்தண்டு இறந்தபின் மூச்சை உள்ளே செலுத்துவது இயந்திரம்தான். இயந்திரத்தை நிறுத்தினால் நெஞ்சும் நின்றுவிடும். நம் நாட்டில் 1994 ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, டாக்டர்கள் நால்வர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச்சாவு என்று சான்று தரவேண்டும். இஸ்லாமிய நாடுகளின் சர்வதேச பிக்ஹு அகாடமியும் 1986 இல் அம்மானில் கூடியபோது, மூளையின் செயல்கள் எல்லாம் திரும்ப வழியின்றி நின்றுவிட்டதாக மருத்துவ நிபுணர்கள் தீர்ப்பளித்தால் அதனை மரணமாகக் கொள்ளலாம் என்று முடிவு செய்தது. இதை ஏற்காத உலமாக்களும் உண்டு. ஆனால் "நெஞ்சு அசைகிறது" என்பதை மட்டும் கொண்டு டாக்டர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவது நியாயமன்று.

அடுத்தது, கண்ணில்லாமல் எழுப்பப்படுவான் என்ற அச்சம். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறக்க நேரும் என்று அண்டை வீட்டு இந்துச் சகோதரர் சிலர் அஞ்சுவதுண்டு. மறுபிறவியை நம்பாத நம் வீட்டிலும் அதே அச்சம் கியாமத்தின் பெயரால் நுழைந்துவிட்டது. எந்த மய்யித்தின் அருகில் உட்கார்ந்து இப்படிப் பேசுகிறோமோ, அதே மய்யித்துக்காக யாஸீன் ஓதுகிறோம். அதன் இறுதிப் பகுதி என்ன கூறுகிறது? மக்கிப்போன எலும்புகளுக்கு உயிர் கொடுப்பவன் யார் என்று கேட்டவனுக்கு, முதல்முறை படைத்தவனே மீண்டும் எழுப்புவான் என்ற கருத்திலல்லவா பதில் வருகிறது! மூத்தா போரில் இரு கைகளையும் இழந்து ஷஹீதான ஜஅபர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்குச் சுவனத்தில் இரு சிறகுகள் அளிக்கப்பட்டன என்பதைச் சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். மண்ணில் எப்படியும் மக்கப்போகும் கண்ணை மீட்டுத் தர வல்லவனுக்கு, பிறருக்குக் கொடுத்த கண்ணை மீட்டுத் தர இயலாதா?

மூன்றாவதாகச் சொன்னது உண்மையிலேயே மார்க்கம் சம்பந்தப்பட்டது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உடல் நமது சொத்து அல்ல, அல்லாஹ்வின் அமானிதம் என்பதும் உண்மை. இவற்றின் அடிப்படையில் தேவ்பந்த் தாருல் உலூமின் பத்வாக்கள் இதைக் கூடாது என்கின்றன. இந்திய இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் 1989 இல், இறந்தபின் உறுப்பைக் கொடுக்கும்படி எழுதிவைப்பது ஷரீஅத்தின்படி வஸிய்யத் ஆகாது என்றது. இந்த உலமாப் பெருமக்களைக் குறைவாகப் பேச நமக்கு உரிமையில்லை.

மறுபுறம், சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1982 இலும், மேலே சொன்ன சர்வதேச அகாடமி 1988 இல் ஜித்தாவிலும், இறந்தவரின் உறுப்பால் ஓர் உயிர் பிழைக்குமானால் அதற்கு அனுமதி உண்டு என்றன. இறந்தவர் முன்பே சம்மதித்திருக்கவேண்டும், அல்லது வாரிசுகள் சம்மதிக்கவேண்டும். விலை பேசவே கூடாது என்பன ஜித்தாவில் விதித்த நிபந்தனைகள். ஓர் உயிரை வாழவைப்பதை மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பிடும் 5:32 ஆம் வசனத்தை அனுமதிப்போர் முன்வைக்கிறார்கள். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1987 இல் வந்த சட்டம் முஸ்லிம்களை விலக்கி வைத்திருந்தது. அங்குள்ள பத்வாக் குழு 2007 இல் இசைவளித்தபின், 2008 ஆகஸ்டு முதல் முஸ்லிம்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆகவே இது கருத்து வேறுபாடுள்ள விஷயம். இரு பக்கமும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் "கூடாது" என்பவர் எத்தனை பேர் இந்த பத்வாக்களைக் கேட்டறிந்து சொல்கிறார்கள்?

விற்றுவிடுவார்கள் என்ற சந்தேகம் காரணமின்றி வந்ததல்ல. 1994 சட்டம் வருவதற்கு முன் ஏழைகளின் சிறுநீரகம் வெளிப்படையாக விலைபோனது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் "கிட்னிவாக்கம்" என்றே பட்டப்பெயர் வந்தது. அதன்பிறகும் திருட்டு வியாபாரம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. எனவே கேள்வி கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள், பணம் என்ற பேச்சே வேண்டாம். தமிழ்நாட்டில் இறந்தவர் உறுப்புகளைப் பங்கிடுவது அரசின் உறுப்பு மாற்று ஆணையம். காத்திருப்போர் பட்டியலின்படியே பங்கீடு நடக்கும். 2023 முதல் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் அறிவிக்கப்பட்டது. மூமினுக்கு அந்த மரியாதை கூலியல்ல. கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

ஜமாஅத் என்ன சொல்லும் என்பதற்கு ஜமாஅத்தே பதில் சொல்லவேண்டும். உறுப்பு எடுத்தபின் உடலைத் தைத்துத்தான் ஒப்படைக்கிறார்கள்; குளிப்பாட்டலாம், கபனிடலாம், ஜனாஸா தொழலாம். விபத்தில் இறந்தவருக்கு எப்படியும் பிரேதப் பரிசோதனை உண்டு. கருவிழி தானத்துக்கோ ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியதில்லை. மூச்சு நின்ற 6 மணி நேரத்துக்குள் கண் வங்கியினர் வீட்டுக்கே வந்து, சிறிது நேரத்தில் எடுத்துக்கொண்டு இமைகளை மூடிவிட்டுப் போவார்கள். முகம் விகாரமாகாது.

சகோதரர்களே! இனி நம் மனத்தைத் தொட்டுக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் பிள்ளைக்கு இரத்தம் வேண்டும் என்றால் யார் இரத்தம் என்று கேட்கிறோமா? நம் அத்தாவுக்குச் சிறுநீரகம் கிடைத்தால், கொடுத்தவரின் மய்யித்தைக் கீறினார்களே என்று திருப்பிக் கொடுக்கிறோமா? இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தான சங்கம், பௌத்தர்கள் மிகுதியாகக் கொடுத்த கண்களைப் பாகிஸ்தானுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பியது. அவற்றால் எத்தனையோ முஸ்லிம்கள் குர்ஆனைப் பார்த்து ஓதினார்கள்! வாங்குவதில் எந்தத் தடையும் காணாத நாம், கொடுக்கும் வேளையில் மட்டும் தடை தேடுகிறோம். கொடுக்கும் மேல் கை வாங்கும் கீழ் கையைவிடச் சிறந்தது என்று போதித்த நபியின் உம்மத்துக்கு இது அழகா?

வாங்குபவர் வேறு மதத்தவராயிற்றே என்று தயங்குவோரும் உண்டு. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையின் பழங்குடி மக்கள் புளியும் கடுக்காயும் மரவள்ளியும் கொண்டு இறங்கி வருகிறார்கள். நம்மவர் கடைகளில் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். நோய் முற்றினால் அவர்கள் வருவதும் நாம் போகும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அவர்களில் ஒருவர் அந்தப் பட்டியலில் காத்திருக்கலாம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற ஹதீஸைப் படித்த நாம், அண்டை மனிதரின் உயிருக்கு வேலி போடலாமா?

எனவே செய்யவேண்டியது இதுதான். வஸிய்யத் செய்யவேண்டியது உள்ளவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து. அனுமதியில்லை என்று உங்கள் ஆலிம் விளக்கி, உங்கள் மனமும் அதை ஏற்றால், அதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அனுமதி உண்டு என்ற கருத்து மனத்தில் படிந்தால், அதையும் சொல்லி எழுதிவையுங்கள். முடிவு எதுவாயினும் அறிந்து எடுத்ததாக இருக்கட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில், பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும் ஒரு தாயின் தலையில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். ஜுமுஆவுக்குப் பின் ஒருநாள் உங்கள் இமாமிடம் போய்க் கேளுங்கள். அன்றிரவே சாப்பாட்டு விரிப்பில் பிள்ளைகளோடு பேசுங்கள்.

அறிந்து நடக்கவும், கொடுக்கும் மனம் பெறவும், ஈமானோடு மரணிக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.