பேச்சு யார் தருவது?

குழந்தைக்குப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இந்தியத் தத்துவ மரபில் இரண்டு பதில்கள் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. உள்ளே இருப்பதுதான் வெளிப்படுகிறது என்கிறது ஒன்று. பெரியவர்களிடமிருந்து கற்கப்படுகிறது என்கிறது மற்றது. பேச்சு இறைவன் அருள் என்று மூன்றாவது பதிலைச் சேர்த்தது பக்தி மரபு. பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே புழங்குகின்றன. பிள்ளை இரண்டு வயதாகியும் வாய் திறக்கவில்லை என்றால், "தாத்தாவும் அப்படித்தான், தானாக வரும்" என்று ஒருவர் சொல்வார். "வீட்டில் யார் பேச்சுக் கொடுக்கிறார்கள்?" என்று இன்னொருவர் கேட்பார். பாட்டி தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொள்வார்.

உள்ளிருந்து வருவது என்ற பதிலை ஆழமாகச் சொன்னவர், சுமார் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பர்த்ருஹரி. நாக்கை எங்கே வைப்பது, மூச்சை எப்படி எழுப்புவது என்று எந்தத் தாயும் சிசுவுக்குக் கற்பிப்பதில்லை. முற்பிறவிகளிலிருந்து தொடரும் சொல்லின் பதிவு உள்ளே இல்லாவிட்டால் அந்த முதல் முயற்சியே நிகழாது என்பது அவருடைய 'வாக்கியபதீயம்' வைக்கும் வாதம். தமிழ்ச் சைவத்தில் 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் 'சிவஞான சித்தியார்' நூலில் வாக்கை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார். பிறர் செவியில் விழுவது வைகரி. ஒலிக்காமல் உள்ளுக்குள் சொற்களாக ஓடுவது மத்திமை. மயில் முட்டையின் நீரில் தோகையின் நிறங்கள் பிரியாமல் அடங்கியிருப்பது போன்றது பைசந்தி. அதற்கும் அப்பால் சூக்குமை. இந்தப் பகுப்பின்படி வாயிலிருந்து வரும் ஒலி மொழியின் கடைசி நிலை மட்டுமே. ஒலி இல்லாத இடத்திலும் மொழி இருக்கலாம் என்பதற்குச் சைவ சித்தாந்தத்திலேயே இடமிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

கற்கப்படுகிறது என்ற பதிலைச் சொன்ன மீமாம்சைத் தத்துவப் பள்ளியினரான மீமாம்சகர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரு முதியவர் இளையவரிடம் "பசுவைக் கொண்டுவா" என்கிறார், இளையவர் கொண்டுவருகிறார். பிறகு "பசுவைக் கட்டு", "குதிரையைக் கொண்டுவா" என்கிறார். பக்கத்தில் நிற்கும் குழந்தை, சொல் மாறும்போது செயலில் எது மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருளைப் பிரித்தெடுக்கிறது. இதற்கு விருத்த வியவகாரம், அதாவது பெரியோர் வழக்கு என்று பெயர். குழந்தையை உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிச் செயல்படும் இடத்தில் அது இருந்தால் போதும் என்பது இதன் உட்பொருள். 2003இல் பாட்ரிஷியா கூல் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு இதற்கு மிக நெருக்கமானது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசுபவர் நேரில் வந்து விளையாட்டுக் காட்டியபோது அம்மொழியின் ஒலிவேறுபாடுகள் அவர்களுக்குப் பிடிபட்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்குப் பிடிபடவில்லை. கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலைப் பார்க்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

பேச்சே கேட்காமல் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 16ஆம் நூற்றாண்டில் அக்பர் சோதித்துப் பார்த்தார். தாதிகள் வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு சிசுக்கள் ஒரு மாளிகையில் வளர்க்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து அவர் போய்ப் பார்த்தபோது ஒரு குழந்தையும் பேசவில்லை. கொடுமையான சோதனைதான். ஆனால் உள்ளே இருப்பது தானாகவே மலர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த மாளிகையிலேயே பொய்த்துப் போனது.

அருள் என்ற பதிலுக்குத் தமிழில் பெரிய சான்றுகளாகச் சொல்லப்படுபவை இரண்டு. சீர்காழியில் மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பதிகம் பாடிய சம்பந்தர் கதை ஒன்று. ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்த குமரகுருபரர் கதை மற்றொன்று. இரண்டிலும் பிள்ளை மழலையாகத் தொடங்குவதில்லை. நேரே செய்யுள் பாடுகிறது. குமரகுருபரர் பாடியது 'கந்தர் கலிவெண்பா'. கதையைக் கதையாக ஏற்றாலும், ஐந்து ஆண்டுகள் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்த பிள்ளையின் கதை அது. தைப்பூசத்தன்று கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்துசெல்லும் பெற்றோரின் நம்பிக்கையும் இந்தக் கதைகளின் நிழலில் வளர்ந்ததே. ஜார்ஜ்டவுனின் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கு சொல்கிறார்கள். ஆதமுக்குப் பெயர்களைக் கற்றுத் தந்தவன் இறைவன் என்பது குர்ஆனின் கூற்று. அங்கும் அருள் காது வழியாகவே நுழைகிறது.

அப்படியானால் காது கேளாத பிள்ளை? மரபு சறுக்கிய இடம் இதுதான். பிறவியிலேயே செவிடராகவும் ஊமையாகவும் இருப்பவருக்குச் சொத்தில் பங்கு இல்லை என்றது மனுஸ்மிருதி. வினைப்பயன் என்ற விளக்கமோ பெற்றோரைக் குற்றவாளிகளாக்கி, பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்துவைக்கச் செய்தது. ஒலி வராவிட்டால் அறிவும் வராது என்று உலகின் பல சமூகங்கள் நம்பின. வைகரிக்குக் கீழே மூன்று நிலைகளைக் கண்ட மரபு, வைகரி இல்லாதவரைப் பற்றி யோசிக்கத் தவறியது.

அந்த யோசனையைச் செயலில் காட்டியவர்கள் பினாங்கின் பிள்ளைகள். 1954இல் தொடங்கப்பட்ட காது கேளாதோர் பள்ளி தஞ்சோங் பூங்காவில் உள்ளது. தொடக்க காலத்தில் அங்கே வாய்மொழிக் கல்விதான்: உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு குரலெழுப்பிப் பேசப் பழக வேண்டும். வகுப்பில் அப்படி. வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் கைகளால் பேசிக்கொண்டார்கள். ஆசிரியர் கற்பிக்காத, எந்தப் பாடநூலிலும் இல்லாத அந்தச் சைகைகளிலிருந்து பினாங்கு சைகை மொழி பிறந்தது. இன்றும் முதியவர்கள் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். 1970களின் இறுதியில் நிகராகுவாவில் காது கேளாத பிள்ளைகள் முதன்முதலாகப் பள்ளியில் ஒன்றுசேர்ந்தபோதும் இதே போல ஒரு புதிய மொழி உருவானது. தனித்தனி வீடுகளில் இருந்தவரை அவர்களிடம் சில சைகைகள் மட்டுமே இருந்தன. முழு மொழி இல்லை.

பழைய வாதத்துக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு கிடைப்பது அரிது. பர்த்ருஹரி சொன்னது போல ஆற்றல் உள்ளே இருக்கிறது. இல்லாவிட்டால் யாரும் கற்பிக்காத மொழியைப் பிள்ளைகள் ஆக்கியிருக்க முடியாது. மீமாம்சகர் சொன்னது போல அது வெளிப்பட மற்றவர் வேண்டும். வேண்டுவது கூட்டம்தான், குரல் அல்ல.

பினாங்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலாய், கடையில் ஹொக்கியன், திரையில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை பேசத் தாமதித்தால் "தமிழை விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரை சுலபமாக வந்துவிடுகிறது. பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையின் சொற்களை எல்லா மொழிகளிலும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே பேச்சுச் சிகிச்சையாளர்களின் அணுகுமுறை. பாட்டிக்குத் தெரிந்த ஒரே மொழியை எடுத்துவிட்டால், பிள்ளையோடு நாள் முழுதும் இருப்பவரின் பேச்சையே எடுத்துவிட்டதாகும்.

பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குச் செவிக்குறை உண்டு. 2008இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசிய சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது செவிச் சோதனை. முருகனுக்கு நேர்ந்துகொள்பவர்கள் தாராளமாக நேர்ந்துகொள்ளட்டும். சோதனையை மட்டும் அடுத்த தைப்பூசம்வரை தள்ளிவைக்க வேண்டாம்.