செய்தியும் சத்தியமும்

உலக விவகாரங்களைப் பற்றி நண்பர்கள் இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவிலேயே ஓரிடத்தில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. ‘உங்கள் பத்திரிகை அப்படித்தான் எழுதும்’ என்கிறார் ஒருவர். ‘நீங்கள் பார்க்கும் தொலைக்காட்சி மட்டும் யோக்கியமானதோ?’ என்று திருப்பிக் கேட்கிறார் மற்றவர். பேசப்படும் பொருள் அமெரிக்கத் தேர்தலாக இருந்தாலும் சரி, அண்டை மாநிலத்துடன் உள்ள நதிநீர்ப் பிணக்காக இருந்தாலும் சரி, முடிவு இதுதான். பேசிய பொருள் அப்படியே கிடக்க, இருவருடைய மனக்கசப்பு மட்டும் ஒருபடி வளர்ந்திருக்கும்.

இதில் ஆன்மிக சாதகனுக்கு என்ன அக்கறை என்று கேட்கத் தோன்றலாம். அக்கறை உண்டு. சத்தியத்தைத் தன் விரதமாக ஏற்றவன் தான் சொல்வதற்கு மட்டுமன்று, தான் நம்புவதற்கும் பொறுப்பாளி ஆகிறான். ஆராயாமல் நம்பிய ஒன்றைப் பத்துப் பேரிடம் சொல்லும்போது, அவன் அறியாமலே அவனது விரதம் பழுதுபடுகிறது.

எல்லையில் இரண்டு செய்திகள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, தமிழகத்தைக் கடந்து கேரளத்திற்குள் நுழையும் இடம் வாளையார். 2017இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, இங்கிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றது நாடறிந்த காட்சி. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில், சில வீடுகளில் ஒரே திண்ணையில், புழங்கும் பகுதி இது. இரண்டு மொழிச் செய்திகளும் இங்கே வந்து சேர்கின்றன.

2011ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அந்த இரண்டு செய்திகளும் இரண்டு வேறு உலகங்களைக் காட்டின. வாளையாருக்குத் தெற்கே வெகு தொலைவில், இடுக்கி மாவட்டத்து மலைகளில் உள்ள முல்லைப் பெரியாறு அணையே காரணம். திருவிதாங்கூர் அரசுடன் 1886இல் செய்துகொள்ளப்பட்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி, பென்னிகுயிக் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1895இல் கட்டி முடித்த அணை அது. மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பி, தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களுக்கு அது வாழ்வளிக்கிறது.

அந்த நாட்களில் மலையாளச் செய்திகள் அணையின் வயதைச் சொல்லின. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டது என்றன. இடுக்கிப் பகுதியில் அவ்வாண்டு உணரப்பட்ட நில அதிர்வுகளைச் சொல்லின. அணைக்குக் கீழே உறங்கும் குடும்பங்களைக் காட்டின. தமிழ்ச் செய்திகளோ, 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்ட பின் அணை பலப்படுத்தப்பட்டதைச் சொல்லின. 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், அதைத் தடுக்கக் கேரளம் சட்டம் இயற்றியதையும் சொல்லின. வறண்ட வயல்களைக் காட்டின.

இவற்றுள் எது பொய்? ஒன்றுமே பொய்யன்று! ஆனால் ஒரு மொழியில் மட்டும் படித்தவருக்குப் பக்கத்து மாநிலத்தார் ஈவிரக்கமற்றவர்களாகத் தோன்றினர். விளைவு என்ன? தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இடுக்கியின் தோட்டங்களில் உழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கி வந்தன. அது மண்டல காலம். விரதமிருந்து மாலையணிந்து குமுளி வழியாகச் சபரிமலைக்குப் புறப்பட்ட பக்தர்கள் வழி மாறிச் செல்ல நேர்ந்தது. அணை உடையவில்லை. மனிதர்களுக்கிடையே இருந்த நம்பிக்கை உடைந்தது.

தேர் தரையைத் தொட்ட கதை

நம் முன்னோர் இந்த ஆபத்தை நன்கறிந்திருந்தனர். குருக்ஷேத்திரத்தில் துரோணரை வீழ்த்த வேண்டியிருந்தபோது, அசுவத்தாமன் என்ற பெயருடைய யானை கொல்லப்பட்டது. தம் மகன் அசுவத்தாமன் இறந்தானா என்று துரோணர் தருமபுத்திரரைக் கேட்டார். தருமர் பெயரை உரக்கச் சொன்னார். யானை என்பதை மெல்லச் சொன்னார். அதுவரை பூமியைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவரது தேர், அக்கணமே தரையில் இறங்கியது என்கிறது மகாபாரதம்.

சொற்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை. உரக்கச் சொன்னதும் மெல்லச் சொன்னதும்தான் குற்றம். ஊடகத்தின் சார்பும் பெரும்பாலும் இத்தகையதே. அது பொய்யுரைப்பதைவிட, ஒன்றை முதற்பக்கத்தில் உரக்கச் சொல்லி, மற்றொன்றைப் பன்னிரண்டாம் பக்கத்தில் மெல்லச் சொல்வதையே மிகுதியாகச் செய்கிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மெல்லச் சொன்னதைக் கேட்கும் பொறுமை கேட்பவனுக்கும் இருந்திருக்க வேண்டும்.

குறை வெளியே மட்டும்தானா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1985இல் வெளியாயிற்று. 1982இல் பெய்ரூட் நகரின் அகதி முகாம்களில் நடந்த படுகொலைகளைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகள் மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. அவர்களில் இஸ்ரேலை ஆதரித்தோரும் இருந்தனர். அரபு மக்களை ஆதரித்தோரும் இருந்தனர். இரு சாராரும் பார்த்தவை ஒரே காட்சிகள். ஆயினும், அவை தங்களுக்கு எதிராகவே சாய்ந்துள்ளன என்று இரு சாராரும் உறுதியாகக் கூறினர்! அந்தப் பிரச்சினையைப் பற்றி அதிகம் அறிந்தவர்களுக்கே இந்த எண்ணம் வலுவாக இருந்தது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தகவல் பெருகினால் மட்டும் பார்வை தெளிவதில்லை. விருப்பு வெறுப்பு நீங்காத மனத்தில் கல்வியும் அந்த விருப்பு வெறுப்புக்கே வழக்கறிஞராகிவிடுகிறது. சித்தசுத்தி இன்றி ஞானம் இல்லை என்று வேதாந்தம் வலியுறுத்துவதும் இதனால்தான்.

ஊடகங்கள் தவறுவதே இல்லை என்பதன்று இதன் பொருள். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்ற கூற்றைப் போதிய அளவு சோதிக்காமல் வெளியிட்டதாக, 2004இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது. 2020ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மூலம் மோசடி நடந்தது என்ற குற்றச்சாட்டை ஒளிபரப்பியதற்காக, ஃபாக்ஸ் நிறுவனம் 2023இல் டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வழக்கில் வெளிவந்த ஆவணங்கள் வேறொன்றையும் காட்டின. தொலைக்காட்சியின் முக்கியமானவர்கள் பலர் அக்குற்றச்சாட்டைத் தனிப்பட்ட முறையில் நம்பவில்லை. பார்வையாளர்கள் விரும்பியதைச் சொல்லாவிட்டால் அவர்கள் வேறு தொலைக்காட்சிக்குப் போய்விடுவார்களே என்ற கவலை அங்கே இருந்தது.

அப்படியானால், அந்தப் பொய்யை யார் கேட்டு வாங்கினார்கள்? கடைக்காரன் கலப்படம் செய்தது குற்றமே. ஆனால் தூய சரக்கைக் கசக்கிறது என்று ஒதுக்கிய வாடிக்கையாளனுக்கும் அதில் பங்கு இல்லையா?

மூவகைப் பேச்சு

நியாய சாஸ்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக இருவர் கூடி ஆராய்வது வாதம். எவ்வகையிலேனும் வெல்ல வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் இன்றிப் பிறர் சொல்வதை உடைப்பதொன்றையே தொழிலாகக் கொள்வது விதண்டை. விதண்டாவாதம் என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதுதான். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் தமது விபூதிகளை எடுத்துரைக்கும்போது, விவாதிப்போரிடத்தில் வாதமாக விளங்குபவர் தாமே என்கிறார். ஜல்பத்தையும் விதண்டையையும் அவர் அங்கே சொல்லவில்லை.

ஆதிசங்கரரின் பாஷ்யங்களைப் பயில்பவர்கள் ஒன்றைக் காண்பார்கள். தமது முடிவைச் சொல்லும் முன், எதிர்க்கட்சியின் கருத்தைப் பூர்வபக்ஷமாக அவர் விரிவாக எடுத்துவைக்கிறார். எதிரி சொல்லத் தவறியதையும் அவனுக்காகத் தாமே சொல்வதுபோல் இருக்கும். பிறகே மறுப்பு. உன் பத்திரிகை அப்படித்தான் எழுதும் என்பது மறுப்பே அன்று. சொல்லப்பட்டதை விட்டுவிட்டுச் சொன்னவனைப் பார்ப்பது அது. சார்புள்ளவனும் உண்மை சொல்லக்கூடும், நம்மவனும் பிழைபடக்கூடும்.

மரத்தடியில் வாழ்பவன்

பச்சோந்தியைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கதையை அன்பர்கள் அறிவார்கள். மரத்தின்மேல் ஒருவன் கண்டது சிவப்பு, மற்றொருவன் கண்டது பச்சை. இருவரும் சண்டையிட்டனர். அம்மரத்தடியிலேயே வாழ்ந்தவன்தான் அது பல நிறங்கள் கொள்வதை அறிந்திருந்தான். இறைவனைப் பற்றி அவர் சொன்ன அக்கதை உலகியலுக்கும் பொருந்தும். வாளையாரிலும் குமுளியிலும் இரு மொழி பேசி, இரு பக்கமும் உறவு கொண்டு வாழும் எளிய மக்கள் அந்த மரத்தடியில் வாழ்பவர்கள். அணைக்குக் கீழே உறங்குபவனின் அச்சமும் மெய். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடுபவனின் தாகமும் மெய் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் அனைவரும் எல்லையில் வாழ இயலாது. ஆனால் அந்த மரத்தடிக்கு மனத்தளவில் சென்று அமர இயலும். அதற்கு மூன்று பயிற்சிகள் உதவும். முதலாவது, நமக்கு உவப்பான செய்தி வரும்போது, உவப்பற்ற செய்தியை எவ்வளவு கடுமையாகச் சோதிப்போமோ அவ்வளவு கடுமையாக அதையும் சோதிப்பது. இரண்டாவது, மறுதரப்பின் வாதத்தை, அத்தரப்பினரே ‘ஆம், இதுதான் எங்கள் கருத்து’ என்று ஒப்பும்படி எடுத்துச்சொல்லப் பழகுவது. அது இயலாதவரை மறுக்கத் தொடங்காமல் இருப்பது. மூன்றாவது, கீதையின் பதினேழாம் அத்தியாயம் வாக்குத் தவத்துக்கு வகுத்த இலக்கணங்களை நினைவில் நிறுத்துவது. சொல் பிறரைக் கலங்கச் செய்யாமல், உண்மையாகவும் இனிமையாகவும் நலம் தருவதாகவும் இருக்க வேண்டும்.

நடுநிலை என்பது இரு பக்கமும் சரி என்று சொல்லி நழுவுவது அன்று. திருவள்ளுவர் நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாகக் காட்டுகிறார். துலாக்கோல் தீர்ப்புச் சொல்லவே செய்கிறது. எடை போட்ட பிறகு சொல்கிறது, அவ்வளவே. முல்லைப் பெரியாறு வழக்கிலும், இரு மாநிலங்களும் தத்தம் சார்பில் ஒவ்வோர் உறுப்பினரை அனுப்பிய நீதிபதி ஆனந்த் குழு அணையை ஆராய்ந்து, அது பாதுகாப்பானது என்று 2012இல் அறிக்கை அளித்தது. உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று 142 அடிக்கு அனுமதி தந்தது. கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைத்தது. கருத்து வேற்றுமை அதன்பிறகும் ஓயவில்லை. அது ஓயாமலிருக்கும்போதே, 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, தமிழகத்திலிருந்து அரிசியும் துணியும் மருந்தும் ஏற்றிய வண்டிகள் மலை கடந்து சென்றன.

ஆகவே, கருத்து மாறுபடுவதற்காக வெறுக்க வேண்டியதில்லை. அன்பு செய்வதற்காக உண்மையைக் கைவிட வேண்டியதும் இல்லை. நாளைக் காலையில் செய்தித்தாளை விரிக்கும்போது, ‘இது உண்மையா?’ என்ற கேள்வியுடன் ‘இது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஏன் விரும்புகிறேன்?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். முதற்கேள்வி நம்மை நல்ல குடிமக்களாக்கும். இரண்டாவது கேள்வி நம்மைச் சாதகர்களாக்கும்.