மூடிய மடலும் ஆட்சியின் அறமும்

பிறர்க்கு வந்த மடலைப் பிரித்துப் படித்தல் தகாது என்பதை நாம் சட்டநூல் எதிலும் கற்கவில்லை. எழுதப் படிக்க அறியாத நம் பாட்டிமார் கூட, அடுத்த வீட்டாருக்குரிய கடிதம் தவறி நம் திண்ணையில் விழுந்தால், அதனைப் பிரிக்காது உரியவரிடம் சேர்ப்பித்து வந்தனர். தனிமனிதர்க்குத் தகாதது என எல்லாரும் ஒப்பும் இச்செயல், அரசு செய்யும்பொழுது தக்கதாகி விடுமா? ஆகுமெனின் எப்பொழுது, எவ்வளவு, யாருடைய ஒப்புதலின் பேரில்? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்டோம்.

அரசின் பக்கத்து நியாயத்தை முதலில் கூறிவிடுதல் முறை. அரசுக்கு ஒற்றறிதலே கூடாது என்பாரின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. 2008ஆம் ஆண்டு நவம்பரில் கடல் வழியே மும்பை நகருக்குள் புகுந்தோர் நிகழ்த்திய கொடுமையில் 166 உயிர்கள் மாண்டன. அத்தகைய சூழ்ச்சியை முன்னறிந்து தடுத்தல் ஆட்சியாளர் கடமை. அதில் அவர் தவறினால் நாமே அவரைப் பழிப்போம். திருக்குறளும் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. ஆயினும் அவ்வதிகாரம் அமைந்துள்ள இடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் ஆகிய நான்கும் கூறப்பட்ட பின்னரே ஒற்றாடல் வருகின்றது. நேர்மையும், குடிகளை அச்சுறுத்தாமையும், இரக்கமும் உணர்த்தப்பட்ட பின்னரே மன்னன் கையில் ஒற்றர் ஒப்படைக்கப்படுகின்றனர். ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்னும் எச்சரிக்கையும் அவ்வதிகாரத்திலேயே உண்டு. ஒற்று இன்றியமையாதது எனவே கொள்வோம். அதற்கு எல்லை வகுப்பவர் யார் என்பதே எஞ்சி நிற்கும் வினா.

1986ஆம் ஆண்டில் இவ்வினா நம் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. அஞ்சலில் செல்லும் கடிதங்களை இடைமறிக்கவும் நிறுத்தி வைக்கவும் அரசுக்கு ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை மேலும் விரிவாக்கும் அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதா, இரு அவைகளிலும் நிறைவேறியது. பிரதமர் ராஜீவ் காந்தி அவர்களின் கட்சிக்கு அப்பொழுது மக்களவையில் 400க்கும் மேற்பட்ட உறுப்பினர் இருந்தனர். எதிர்க்கட்சியினரும் செய்தித்தாள்களும் கண்டனக் குரல் எழுப்பினர். எனினும் வாக்கெடுப்பில் அவர்களால் என்ன செய்ய இயலும்? மசோதா ஒப்புதலுக்காகக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அவர்களிடம் சென்றது.

அவர் எதிர்க்கட்சியைச் சார்ந்தவர் அல்லர். காங்கிரசில் வளர்ந்து, பஞ்சாப் மாநிலத்தின் முதலமைச்சராகவும் நாட்டின் உள்துறை அமைச்சராகவும் விளங்கியவர். ஒற்றறிதலின் தேவையை அவருக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. அத்தகையவர் மசோதாவுக்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அதனைத் திருப்பி அனுப்பவும் இல்லை. 1987 ஜூலையில் தம் பதவிக்காலம் முடியும்வரை அதனை அவ்வாறே வைத்திருந்தார். அவருக்கும் பிரதமருக்கும் அந்நாளில் நல்லுறவு இல்லை என்பது நாடறிந்த செய்தி. ஆகவே அவர் செயலுக்கு வேறு காரணம் கற்பிப்பாரும் உளர். ஆனால் அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர், தஞ்சை மாவட்டத்து இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் அவர்கள். அவரும் காங்கிரசுக்காரரே, நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரே. அவரும் கையொப்பமிடாது, மறு ஆய்வு செய்க எனத் திருப்பி அனுப்பினார். அம்மசோதா சட்டமாகாமலே மறைந்தது. எதிர்க்கட்சிகளின் மறுப்போடு ஆளுங்கட்சியிலிருந்து வந்த இருவரின் தயக்கமும் சேர்ந்தமையாலேயே நம் கடிதங்கள் அன்று காக்கப்பட்டன.

அம்மசோதா திருத்த முற்பட்டது, 1898ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி இயற்றிய அஞ்சல் சட்டத்தை. அவ்வாங்கிலேயர் தம் சொந்த நாட்டில் இதே சிக்கலை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டிருந்தனர். 1844ஆம் ஆண்டில் இத்தாலிய விடுதலை வீரர் மாசினி இலண்டனில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்து வந்தார். தம் கடிதங்கள் வழியில் திறக்கப்படுகின்றன என ஐயுற்ற அவர், உறைகளினுள் கசகசாவும் மணலும் தலைமயிரும் இடச்செய்து சோதித்தார். அவர் ஐயம் உறுதியாயிற்று. டன்கோம்ப் என்னும் உறுப்பினர் அதனை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரகாம் மீது நாடே சினந்து எழுந்தது. நம் நாட்டுக் கல்வியில் ஆங்கிலத்தைப் புகுத்திய மெக்காலேயும் எதிர்வரிசையில் நின்று அமைச்சரைக் கண்டித்துப் பேசினார். ஆயின் நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தபொழுது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. கண்டித்தோரின் கட்சி ஆட்சியில் இருந்த காலத்திலும் அதே முறையில் ஆணை பிறப்பித்துக் கடிதங்கள் திறக்கப்பட்டிருந்தன! எவ்வாறாயினும் அக்கிளர்ச்சியின் பயனாக, அஞ்சலகத்தினுள் இயங்கி வந்த இரகசியப் பிரிவு மூடப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே. ஒற்றறியும் அதிகாரத்தைத் தருகின்ற சட்டத்தை எடைபோடும்பொழுது, நாம் நம்புகின்ற தலைவர் கையில் அது இருப்பதாக எண்ணிப் பார்த்தல் போதாது. நாம் சற்றும் நம்பாத ஒருவர் கையில் அது இருப்பதாகவும், நம் கடிதத்தை அவர் திறப்பதாகவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் அச்சட்டம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுமாயின் அது நல்ல சட்டம். ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் நின்று நோக்கினால் முழுமையான காட்சி கிட்டாது என்பது இவ்விதழின் வாசகர்க்குப் புதிய செய்தியன்று.

ஆட்சிகள் மாறுகின்றன, இயற்றிய சட்டமோ எஞ்சி நிற்கின்றது. கர்நாடக முதலமைச்சராக இருந்த ராமகிருஷ்ண ஹெக்டே, 1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலையில் சிறை சென்றவர். அவ்வாறு துன்புற்றவரின் ஆட்சியிலேயே அரசியலாளர் பலரின் தொலைபேசிப் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு எழுந்து, 1988இல் அவர் பதவி விலக நேர்ந்தது. கடிதங்களைத் திறக்க அதிகாரம் கோரிய அரசின் தலைவரான ராஜீவ் காந்தி அவர்களும், ஆட்சியை இழந்த பின் 1991 மார்ச்சில் தம் இல்லத்தின் எதிரே அரியானா மாநிலக் காவலர் இருவர் நின்று வேவு பார்த்ததைக் காண நேர்ந்தது. அவ்விவகாரம் முற்றிச் சந்திரசேகர் அவர்கள் பிரதமர் பதவியினின்று விலகினார். இன்று காண்பவராக இருப்பவர் நாளை காணப்படுபவராக ஆகின்றார். இதனை அறிந்தமையாலேயே எதிரெதிர்க் கட்சியினர் இவ்வொரு பொருளில் மட்டும் ஒருங்கு நிற்பது இயல்வதாகின்றது.

சிறிய அளவில் இதனை நாமும் நேரில் கண்டதுண்டு. நாம் பணிபுரிந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் விடுதியில், மாணவியர்க்கு வரும் கடிதங்களைக் காப்பாளர் பிரித்துப் படித்த பின்னரே கொடுக்கும் வழக்கம் இருந்தது. அவர்களின் நன்மைக்காகவே என்று கூறப்பட்டது. அதனால் ஏற்பட்ட பயனோ வேறு. வீட்டில் தாய் நோயுற்ற செய்தியையும், கடன்பட்ட செய்தியையும் காப்பாளர் அறிவாரே என்று அஞ்சிப் பெற்றோர் எழுதாமல் விட்டனர். நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் கடிதத்தில் எதுவும் இல்லாது போயிற்று. மறைக்க வேண்டியிருந்த ஓரிருவர், உள்ளூர்த் தோழியர் வீட்டு முகவரிக்குக் கடிதம் வரவழைத்துக் கொண்டனர். குற்றமற்ற எழுபது பேரின் வாய் அடைபட்டது. ஐயத்திற்குரிய இருவர் தப்பினர். ஆசிரியர் அறையில் எந்தப் பொருளிலும் ஒத்துப்போகாத இருவர், ஒருவர் கண்டிப்பே உருவானவர், மற்றவர் மாணவியர்க்கு எப்பொழுதும் பரிந்து பேசுபவர், இருவரும் சேர்ந்தே தலைமையாசிரியரிடம் சென்று அவ்வழக்கத்தை நிறுத்தக் கோரினர். பரிந்து பேசுபவர் மட்டும் சென்றிருப்பின் அவர் சொல் எடுபட்டிராது. கண்டிப்பானவரும் உடன் சென்றமையாலேயே வழக்கம் நின்றது.

‘ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று வினவுவோர் உண்டு. இது கேட்பதற்கு நேர்மையான வினாவாகவே தோன்றும். வாக்குச் சாவடியில் மறைப்பின் பின் சென்று நாம் வாக்களிக்கிறோம். நாம் குற்றம் செய்கிறோம் என்பதனாலா அம்மறைப்பு வைக்கப்பட்டது? பிறர் கண் படாத இடத்தில்தான் மனிதர் அச்சமின்றித் தம் மனச்சான்றின்படி நடக்க இயலும் என்பதனால் அன்றோ? மனக்கவலையைத் தமக்கையிடம் எழுதும் பெண்ணுக்கும், அலுவலகத்து முறைகேட்டைச் செய்தியாளரிடம் தெரிவிக்கும் ஊழியர்க்கும், வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்கும் ஏழைக்கும் அத்தகைய மறைப்பு வேண்டும். இன்று கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர். எனினும் முன்பு நூறு மடல்களில் சிதறிக் கிடந்த நம் வாழ்க்கை, இப்பொழுது கையடக்கமான ஒரு கைப்பேசியில் திரண்டு கிடக்கின்றது. ஆகவே பொருள் பழையதாயினும் ஆபத்து பன்மடங்கு பெரிது.

நம் நீதிமன்றங்கள் இதனை உணர்ந்துள்ளன. அரசியலாளர் பலரின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட செய்தி வெளியானதைத் தொடர்ந்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைபேசிப் பேச்சு தனிவாழ்வின் பகுதியே என்றும், உள்துறைச் செயலரின் எழுத்து வழி ஆணை, கால வரையறை, மீளாய்வுக் குழு ஆகியவை வேண்டும் என்றும் கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என அறிவித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் புட்டசாமி என்னும் ஓய்வுபெற்ற நீதிபதி. எண்பது வயதைக் கடந்த நிலையில் அவர் நீதிமன்றப் படியேறினார் என்பது நம் போன்ற முதியோர்க்கு ஊக்கம் தரும் செய்தி. ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. ஒட்டுக்கேட்க ஆணையிடுபவரும் அரசுச் செயலர். அதனை மீளாய்வு செய்பவரும் அரசுச் செயலர்களே. அரசுக்குக் கட்டுப்படாத நீதிபதி ஒருவரின் முன் ஒப்புதல் இங்கு வேண்டப்படுவதில்லை.

பிரிட்டனில் நிகழ்ந்த மற்றொன்றும் நம் கருத்துக்குரியது. மக்களின் தொலைபேசி, இணையத் தொடர்பு விவரங்களைச் சேமித்து வைக்கச் செய்யும் சட்டம் ஒன்று 2014 ஜூலையில் ஒரு வாரத்திற்குள் அங்கே நிறைவேறியது. முதன்மைக் கட்சிகளின் தலைமைகள் அதனை ஆதரித்தன. ஆளுங்கட்சியைச் சார்ந்த டேவிட் டேவிஸ், எதிர்க்கட்சியைச் சார்ந்த டாம் வாட்சன் ஆகிய இரு உறுப்பினர்கள் இணைந்து அச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2015இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமும், 2016 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. ஆனால் 2016இல் டேவிஸ் அமைச்சரானார். அமைச்சரானதும் வழக்கினின்று தம் பெயரை விலக்கிக் கொண்டார். அவரைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. பதவி எத்துணை உறுதியுடையாரையும் இடம் மாற்றி நிறுத்துகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஒருவர் விலகியபொழுதும் வழக்கு நிற்காமல் நடந்தமைக்குக் காரணம், அது ஒரு கட்சியின் வழக்காக இல்லாமையே. அந்நாட்டில் 2016இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் குறைகள் பல உடையதே. எனினும் ஒட்டுக்கேட்கும் ஆணைக்கு அமைச்சரின் கையொப்பத்தோடு நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும் என்று அது விதித்தது.

நம் நாட்டிலோ 2023 டிசம்பரில் புதிய அஞ்சல் அலுவலகச் சட்டம் நிறைவேறி, 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நெருக்கடி முதலிய காரணங்களுக்காக அஞ்சல் பொருளை இடைமறிக்கவும் திறக்கவும் எந்த அலுவலர்க்கும் மத்திய அரசு அதிகாரம் வழங்கலாம் என்கின்றது அதன் 9ஆம் பிரிவு. நெருக்கடி என்பது யாது என அச்சட்டம் விளக்கவில்லை. அதே கூட்டத் தொடரில் தொலைத்தொடர்பு மசோதாவும் நிறைவேறியது. அத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். எதிர்த்துப் பேசியிருக்க வேண்டியோரின் இருக்கைகள் பல வெறுமையாக இருந்தன. 1986இல் மசோதாவைக் கொணர்ந்த கட்சி 2023இல் எதிர்வரிசையில் இருந்தது. 1986இல் எதிர்வரிசையில் இருந்த கட்சி 2023இல் ஆட்சியில் இருந்தது. 1844இல் இலண்டனில் கண்ட அதே காட்சி!

எனவே, எக்கட்சி நல்லது என்னும் ஆராய்ச்சியால் இதில் பயனில்லை. ஆட்சியில் இல்லாத காலத்து உரிமை பேசுதல் எளிது. ஆட்சியில் இருந்துகொண்டு தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் கட்சியே உரிமையைக் காக்கின்றது. அவ்வாறு கட்டிக்கொள்ளுமாறு அதனைக் கேட்கத் தக்கவர் யார்? அதன் எதிரிகள் கேட்டால் அரசியல் என்று தள்ளிவிடுவர். அதற்கு வாக்களித்தவர் கேட்டால் அவ்வாறு தள்ளிவிட இயலாது. ஆகவே வாசகர்கள் ஒவ்வொருவரும், தாம் எக்கட்சியை விரும்பி ஆதரிக்கின்றனரோ, அக்கட்சியின் உறுப்பினர் வாக்குக் கேட்டு வீட்டு வாயிலுக்கு வரும்பொழுது அவரிடமே இதனைக் கேட்டல் வேண்டும்: ‘எங்கள் மடலைத் திறக்க வேண்டுமாயின், ஒரு நீதிபதியின் ஒப்புதல் பெற்றுத் திறப்பீர்களா?’ அடுத்த வீட்டார் வேறொரு கட்சியினராக இருப்பின் அவரும் தம் கட்சியினரிடம் இதே வினாவைக் கேட்கட்டும். இரு வீட்டாரும் வேறு எதிலும் ஒன்றுபட வேண்டியதில்லை.